இறந்த நண்பரின் பழைய வேட்டை ரைபிளுக்கு எது நியாயமான விலை?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் விலைக் கேள்வி. உங்களோடு பல வருடம் வேட்டைக்கு வந்த நண்பர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருடைய வின்செஸ்டர் மாடல் 70 ரைபிளை, .270 தோட்டாவுக்கானதை, அவர் மனைவி விற்க நினைக்கிறார். இன்றைய புது ரைபிள் விலையில் முக்கால் பங்கு கொடுத்தால் போதும் என்கிறார் மகன். வரிசை எண் 3இல் தொடங்கும் ஆறு இலக்கம். மேலே ஒரு பழைய ஸ்கோப், தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையின் பின்னால் ரப்பர் பேடு, இரும்பெல்லாம் புதுசு மாதிரி மின்னுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் "அந்த அம்மாவை ஏமாற்றவும் கூடாது, நானும் ஏமாறக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான். "முக்கால் பங்கு சரியா?" என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. அந்தத் தொகை உங்களுக்கு அதிகமாகவும் இருக்கலாம், அந்த அம்மாவுக்கு மிகவும் குறைவாகவும் இருக்கலாம். எது என்பது நீங்கள் இன்னும் பார்க்காத சில இடங்களில் இருக்கிறது.

இருபத்தாறு வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி வேட்டை ரைபிள்கள்தான். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கொண்டுவந்து "நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று மேசைமேல் வைத்தவை ஏராளம். ஆனாலும் கையில் எடுத்துப் பார்க்காத ரைபிளுக்கு நான் விலை சொல்வதில்லை. நீங்கள் எழுதியதை வைத்து எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதை ஊகிக்க மட்டுமே முடியும் என்று பிரித்துச் சொல்கிறேன். மிச்சத்தை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பார்க்கும் முறை. புதிதாக வாங்குகிறவர்கள் கீறலையும் மெருகையும் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு குறைக்கும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதைப் பழையபடி ஆக்க முடியுமா? ஸ்கோப் மங்கலாக இருந்தால் கழற்றி வேறு மாட்டலாம். அதற்கு அந்தச் செலவைக் கழித்தால் போதும். டிரிக்கரில் அழுக்கு சேர்ந்து இழுவை கனத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் ரிசீவரில், அதாவது வரிசை எண் பொறித்த, பேரலைத் தாங்கும் நடு இரும்புக் கூட்டில், யாரோ கூடுதலாகத் துளை போட்டிருந்தால் அது என்றைக்கும் துளைதான். அறுத்த கட்டை திரும்ப வளராது, தேய்த்தெடுத்த இரும்பு திரும்ப வராது. திருத்தக்கூடிய குறை, திருத்தும் செலவு அளவுக்கு மட்டும் விலையைக் குறைக்கும். திருத்த முடியாதது அந்த ரைபிள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே மாற்றிவிடும். உங்கள் விஷயத்தில் எல்லாமே இந்தப் பிரிவில்தான் நிற்கிறது.

ஏன் என்றால், உங்கள் வரிசை எண். (முழு எண்ணையும் பொதுவில் போடாமல் விட்டது நல்லது.) மாடல் 70 வெளிவந்தது 1936இல். 1964இல் தயாரிப்புச் செலவைக் குறைக்க அதன் வடிவமைப்பைப் பெரிதாக மாற்றினார்கள். தோட்டா சேம்பருக்குள், அதாவது அது உட்காரும் அறைக்குள், போகும்போதே அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மௌசர் என்ற ஜெர்மன் ரைபிள் பாணியிலான நீண்ட நகம் போனது. அந்த இடத்தில் போல்ட்டின், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டின், தலையிலேயே ஒரு சின்னக் கொக்கி வந்தது. கட்டையில் கையால் வெட்டிய கட்டக்கோடுகளுக்குப் பதிலாக அச்சால் அழுத்திய கோடுகள் வந்தன. வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. அன்றிலிருந்து "64க்கு முந்தையது" என்பதே சந்தையில் ஒரு தனிப் பெயராகிவிட்டது. புது வடிவத்தின் எண்கள் 7,00,000இல் தொடங்கின. ஆகவே 3இல் தொடங்கும் ஆறு இலக்க எண், அந்த ரிசீவர் உண்மையிலேயே அதனுடையதாக இருந்தால், 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. இது உறுதி. போல்ட்டைத் திறந்தால் அதன் பக்கவாட்டில் நீளமாக ஓடும் அந்த எஃகு நகத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இதனால் அந்த ரைபிளுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் அதை வைத்து வேட்டையாட நினைப்பவர். சுடுகிறதா, பழுதில்லையா, தோட்டா கிடைக்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். இன்னொருவர் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கும் ரைபிளைச் சேர்த்து வைப்பவர். எதுவுமே மாற்றப்படாத, நல்ல நிலையிலுள்ள 1950களின் மாடல் 70க்கு அவர் இன்றைய புது ரைபிள் விலையையோ அதற்கு மேலேயோ கொடுப்பார். அதே ரைபிள் மறுமெருகு போட்டு, கட்டை அறுத்து, பேடு வைத்திருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்போது அது வேட்டைக்காரர் விலைக்கு இறங்கிவிடும். மகன் சொன்ன முக்கால் பங்கு இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. மாற்றிய ரைபிள் என்றால் அது ஏறக்குறைய நியாயமான விலை. மாற்றாதது என்றால் அந்த அம்மாவுக்கு நஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். .270ம் .30-06ம்தான் அந்தக் கால மாடல் 70இல் அதிகம் செய்யப்பட்டவை. .35 ரெமிங்டன், .300 சாவேஜ் மாதிரி அபூர்வத் தோட்டாக்களுக்குச் செய்தவைதான் தலைசுற்ற வைக்கும் விலைக்குப் போகும். அவற்றில் போலிகளும் உண்டு. உங்களுடையது சாதாரண வகை என்பதால் போலி பயம் குறைவு. யாராவது "64க்கு முந்தையது, சொத்து மாதிரி" என்று ஏற்றிவிட்டால் நம்பவும் வேண்டாம்.

இப்போது "புதுசு மாதிரி மின்னுகிறது" என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன். என்னை உறுத்தியது அதுதான். எழுபது வருடம் காட்டிலும் தோளிலும் போன இரும்பு புதுசு மாதிரி இருக்காது. ஒன்று, அது ஏறக்குறைய சுடப்படாமலே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ தேய்த்து, துருவைத் தடுக்கப் போடும் நீல மெருகை மறுபடி போட்டிருக்க வேண்டும். உங்கள் நண்பர் அதோடு வேட்டைக்கு வந்தவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பேரல்மேல் நிறுவனப் பெயரும் தோட்டாவின் பெயரும் பொறித்திருக்கும் இடத்தில் விரல் நுனியை மெதுவாக வைத்து நகர்த்துங்கள். எழுத்தை உருளையால் அழுத்திப் பொறிக்கும்போது, ஏரில் உழுத மண் சாலின் இரண்டு பக்கமும் ஒதுங்குகிற மாதிரி, எழுத்தின் ஓரத்தில் இரும்பு இம்மியளவு மேலே எழும்பும். தொழிற்சாலை மெருகு அப்படியே இருந்தால் அந்தச் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். தேய்த்திருந்தால் எழுத்து ஆழம் குறைந்து, கண்ணாடிமேல் எழுதியது போல வழுக்கும். அப்புறம் திருகாணிக் குழிகளைப் பாருங்கள். குழியின் விளிம்பு கூர்மையான வட்டமாக இருக்க வேண்டும். மெருகுச் சக்கரத்தில் பிடித்திருந்தால் விளிம்பு உள்பக்கம் சரிந்து, தண்ணீர் தேங்கிய சின்னப் பள்ளம் மாதிரித் தெரியும். ரிசீவரின் தட்டையான பக்கங்கள் சந்திக்கும் முனைகளும் அப்படித்தான், கூராக இருக்க வேண்டியவை மழுங்கியிருக்கும். ஒரு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பேரல் நெடுக ஒளியை ஓட்டினால், தொழிற்சாலைப் பரப்பில் ஒளி நேராக ஓடும். கையால் தேய்த்ததில் அலையலையாகும்.

நேர்மையாகத் தேய்ந்த ரைபிள் வேறு மாதிரி இருக்கும். வாய்ப்பக்கம் உறையில் உரசி வெளுத்திருக்கும். கையில் தூக்கிப் பிடிக்கும் இடத்தில், அதாவது மேகசினுக்குக் கீழே உள்ள தட்டில், நீலம் போய்ச் சாம்பல் நிறமாகியிருக்கும். போல்ட்டின் கைப்பிடியில் உள்ளங்கை பட்ட இடம் பளபளக்கும். இந்தத் தேய்மானமெல்லாம் ஒரு மனிதனின் கை போன வழியிலேயே இருக்கும். எனக்கு அப்படிப்பட்ட ரைபிள்தான் பிடிக்கும். விலை விஷயத்திலும், முப்பது சதவீத நீலம் போன, ஆனால் யாரும் கைவைக்காத ரைபிள், மறுமெருகு போட்டு மின்னுவதைவிட மேலானது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். மறுமெருகு என்றால் ரைபிள் கெட்டது என்று அர்த்தமில்லை. நல்ல கையில் செய்திருந்தால் துருவிலிருந்து காப்பாற்றியும் இருக்கும். ஆனால் ஏன் தேய்த்தார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் துரு. அந்தத் துரு மேலே மட்டும் இருந்ததா, கட்டைக்கு உள்ளேயும் போயிருந்ததா என்பதைப் பார்க்கக் கட்டையைக் கழற்றத்தான் வேண்டும். அடியில் உள்ள திருகாணிகளை எடுத்தால் பேரலும் ரிசீவரும் தனியாக வந்துவிடும். சரியான அளவுள்ள ஸ்குரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். சிதைந்த திருகாணித் தலை மட்டுமே ஒரு ரைபிளின் விலையைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டைக்கு உள்ளே மறைந்திருக்கும் கோட்டுக்குக் கீழே இரும்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேலே பளபளப்பு, கீழே குழிகுழியாகத் துருவின் தழும்பு என்றால் கதை தெரிந்துவிட்டது.

மரமே துருவுக்குக் காரணமாவதும் உண்டு. 1960களின் பிற்பாதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை வந்த பிரௌனிங் துப்பாக்கிகள் சிலவற்றில், உப்பு போட்டு உலர்த்திய வால்நட் மரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த மரம் ஈரத்தை இழுத்து, தன்னைத் தொடும் இரும்பையெல்லாம் அரித்துவிட்டது. உங்கள் ரைபிளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பழைய ரைபிள் தேடுகிற வேறு யாராவது இதைப் படித்தால், பின்பக்கத் தட்டின் திருகாணியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். துரு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

கட்டையைக் கழற்றும்போதே ரப்பர் பேடையும் கவனியுங்கள். அந்தக் காலத்துச் சாதாரண .270க்குத் தொழிற்சாலை வைத்தது கட்டக்கோடு போட்ட இரும்புத் தட்டு. ஆகவே உங்கள் நண்பரோ அவருக்கு முன்னால் வைத்திருந்தவரோ பேடு போட்டிருக்கிறார். பேடு போடும்போது கட்டையை அறுத்தார்களா என்பதுதான் முக்கியம். டிரிக்கரிலிருந்து கட்டையின் கடைசி முனைவரை அளந்து பாருங்கள். சுமார் 13.5 அங்குலம் வர வேண்டும். பேடோடு சேர்த்தே அந்த அளவுதான் வருகிறது என்றால் மரத்தை அறுத்திருக்கிறார்கள். பேடு தனியாக நீட்டிக்கொண்டு அளவு கூடுகிறது என்றால் மரம் முழுசாக இருக்கலாம். அப்படியென்றால் பழைய இரும்புத் தட்டு வீட்டில் எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கிறதா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். வேட்டைக்காரர்கள் இப்படிப்பட்டதைத் தூக்கிப் போட மாட்டார்கள். அந்த ஒரு துண்டு இரும்பு கிடைத்தால் குறை திருத்தக்கூடியதாக மாறிவிடும். கையால் பிடிக்கும் மெலிந்த இடத்திலும், ரிசீவரின் வால்பகுதி மரத்தில் உட்காரும் இடத்துக்குப் பின்னாலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அதிர்வு தாங்கித் தாங்கி மரம் முதலில் பிளக்கும் இடம் அதுதான்.

அடுத்தது துளைகள். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ரிசீவரின் மேற்பரப்பைப் பாருங்கள். இந்தக் காலத்து மாடல் 70இல் முன் வளையத்தில் இரண்டு, பின்பாலத்தில் இரண்டு, ஆக நான்கு துளைகள் தொழிற்சாலை போட்டவை. இடது பக்கவாட்டில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பயப்படாதீர்கள். அவை பீப் சைட், அதாவது சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் கருவி, மாட்டுவதற்காகத் தொழிற்சாலையே போட்டவை. மேலே ஐந்தாவது துளை இருந்தால், அல்லது துளைகள் நேர்கோட்டில் இல்லாமல் விலகியிருந்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள். வேட்டைக்கு அதனால் ஒன்றும் கெடாது. சேகரிப்பவரின் விலை மட்டும் அத்தோடு முடிந்தது. போல்ட்டையும் வெளியே எடுத்துத் திருப்புங்கள். அதன் அடிப்பக்கத்தில் மின்பேனாவால் கிறுக்கியது போல ஓர் எண் இருக்கும். ரிசீவரின் வலது பக்கத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் போல்ட் வேறொரு ரைபிளிலிருந்து வந்தது. அப்போது விலை மட்டும் அல்ல, பாதுகாப்பும் கேள்விக்குறி.

உள்குழல் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் வேட்டைக்காரருக்கு ரைபிள் என்பதே அதுதான். அதிகம் சுட்டிருப்பாரோ என்ற கவலை பலருக்கு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு இருபது தோட்டா, ஐம்பது வருடம் என்றாலும் ஆயிரம்தான். .270இன் குழல் அதைத் தாராளமாகத் தாங்கும். .264 வின்செஸ்டர் மேக்னம், .220 ஸ்விஃப்ட் மாதிரி அதிவேகத் தோட்டாக்கள் என்றால், சேம்பருக்கு அடுத்துக் குழல் தொடங்கும் தொண்டைப் பகுதி எரிந்து தேய்வதைப் பற்றிக் கவலைப்படுவேன். பெரும்பாலான வேட்டை ரைபிள்கள் சுட்டுக் கெடுவதில்லை, சுடாமல் பெட்டிக்குள் கிடந்துதான் கெடுகின்றன. உங்கள் நண்பரின் ரைபிள் மூன்று வருடமாக எங்கே இருந்தது? தோல் உறைக்குள்ளோ பஞ்சு வைத்த பெட்டிக்குள்ளோ என்றால் அதுதான் எனக்குக் கவலை. உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் .270க்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாக, கிட்டத்தட்டச் சமையல் உப்பின் குணத்தோடு, குழலுக்குள் படியும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர்களின் குழல்கள் அடுத்த மழைக்காலத்தில் பாழாயின. .30-06 ராணுவத் தோட்டா, எனவே மலிவான ராணுவச் சரக்கு அதில் நிறையவே சுடப்பட்டது. .270 ராணுவத்துக்குப் போகவே இல்லை. ஆகவே அந்த உப்பு உங்கள் ரைபிளுக்குள் போயிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. .30-06இல் இதே வயதுள்ள ரைபிளைவிட இதன் குழல் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பேன். எதிர்பார்ப்புதான், பார்த்தே தீர வேண்டும்.

பார்க்கும் முன் சுத்தம் செய்ய வேண்டும். தோட்டா உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, போல்ட்டை எடுத்துவிட்டு, செப்பு கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியை உள்ளே விடுங்கள். நீலப்பச்சையாக வந்தால் செப்புப் படிவு, சாதாரணம்தான். செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக வந்தால் துரு. செப்பு, குழிகளை நிரப்பிக்கொண்டு குழலை வழவழப்பாகக் காட்டும் என்பதால் அழுக்கான குழலைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரிகள் கடைசிவரை ஒரே கூர்மையோடு ஓட வேண்டும். நடுவில் கறுப்பு மோதிரம் மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கலாம். ஏதோ அடைப்போடு சுட்டதன் அடையாளம். அப்படி இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாய்விளிம்பில் சின்ன அடி, நசுங்கல் இருந்தால் குறி சிதறும். ஆனால் அதை லேத்தில் வைத்துச் சரிசெய்துவிடலாம், திருத்தக்கூடிய வகை.

பாதுகாப்புச் சோதனையில் இரண்டு பகுதி. ஒன்றை நீங்களே செய்யலாம். காலி ரைபிளை மறுபடி சரிபார்த்து, போல்ட்டை மூடுங்கள். இந்த ரைபிளின் சேஃப்டிக்கு மூன்று நிலை உண்டு: பின்னால் தள்ளினால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், நடுவில் வைத்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி பூட்டியிருக்க போல்ட் திறக்கும், முன்னால் தள்ளினால் சுடும். சேஃப்டி போட்டபடி டிரிக்கரை இழுத்துவிட்டு விரலை எடுங்கள். பிறகு சேஃப்டியை முன்னால் தள்ளுங்கள். அப்போது ஊசி 'டக்' என்று விழுந்தால் அது ஆபத்தான ரைபிள். போல்ட்டை வேகமாகப் பல முறை மூடிப் பாருங்கள், அதிலும் விழக் கூடாது. இன்னொரு பகுதி, சேம்பரின் ஆழத்தை அளவுமானியால் பார்ப்பது. கோ என்ற அளவுமானி வைத்தால் போல்ட் மூட வேண்டும், நோ-கோ வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தாளின் தடிமன் அளவுதான். இதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். போல்ட் எண் பொருந்தவில்லை என்றால் இதைச் செய்யாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

முடிந்தால் சுட்டுப் பார்த்து வாங்குங்கள். நூறு கஜத்தில் மூன்று தோட்டாவும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் வேட்டைக்கு அது போதும். அதைவிட முக்கியம், குழல் ஆறியிருக்கும்போது சுடும் முதல் தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பது. குறி சிதறினால் உடனே குழலைக் குறை சொல்லாதீர்கள். பழைய ஸ்கோப்பாகவோ தளர்ந்த திருகாணியாகவோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நல்ல ஸ்கோப் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அந்தப் பழைய ஸ்கோப்புக்கு என்று தனியாகப் பெரிய தொகை சேர்க்க வேண்டாம். உள்ளே பூஞ்சை இல்லாமல் தெளிவாக இருந்தால் ஏதோ கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான்.

என் ஆரம்ப நாட்களில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வயதான ஒருவர் ஒரு ரைபிளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நீலம் பாதி போயிருந்தது, கட்டையில் கீறல்கள். கட்டையைக் கழற்றாமலே, எண்ணைப் பார்க்காமலே, "புது விலையில் பாதி வந்தால் பெரிசு" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் அந்த விலைக்கே விற்றும்விட்டார். சில மாதம் கழித்து, வாங்கியவர் அதைச் சுத்தம் செய்ய என்னிடமே கொண்டுவந்தார். கட்டையைக் கழற்றினேன். உள்ளே நீலம் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒரு திருகாணிகூடத் திருகப்படவில்லை. எண்கள் எல்லாம் பொருந்தின. நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் அந்தப் பெரியவர் பாதிப் பணத்தை இழந்திருந்தார். அவரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதிலிருந்து மேற்பரப்பைப் பார்த்து விலை சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டேன்.

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். விற்க வைத்திருப்பவர்கள் கேட்கும் விலைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், கேட்பது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஏலம் முடிந்து உண்மையில் விற்றுப் போன விலைகளை, இதே தோட்டா, இதே காலகட்டம், இதே மாதிரி மாற்றங்கள் உள்ளவற்றின் விலைகளை, ஐந்தாறு சேர்த்துக்கொண்டு நடுவில் உள்ளதை எடுங்கள். என் கணிப்பு இது: தேய்த்து மறுமெருகு போட்டது, கட்டை அறுத்தது, ஆனால் குழல் சுத்தம், எண்கள் பொருந்துகின்றன என்றால், புது ரைபிளின் விலையில் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் நியாயம். மகன் கேட்டதில் கொஞ்சம் குறைத்துப் பேசலாம், குறைக்காமல் கொடுத்தாலும் நீங்கள் ஏமாந்ததாக ஆகாது. மறுமெருகு இல்லை, மரம் முழுசு, துளைகள் நான்கு மட்டும் என்றால் முக்கால் பங்கு போதாது. குழலில் குழிகள் இருந்தால் புதுக் குழல் மாட்டும் செலவை முழுசாகக் கழிக்க வேண்டும், சில சமயம் அதைக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. மெருகைப் பற்றி நீங்கள் சொன்னதை வைத்து முதல் வகையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது ஊகம்தான்.

அந்த அம்மாவிடமும் மகனிடமும் பேசும்போது, நீங்கள் பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்து மழுங்கியிருக்கிறதா, கட்டை எத்தனை அங்குலம், போல்ட் எண் பொருந்துகிறதா, துணி என்ன நிறத்தில் வந்தது, எல்லாமே. உங்களுக்குச் சாதகமானதையும் பாதகமானதையும் ஒரே தாளில். அதை வைத்து வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்க ஒரு வாரம் அவகாசமும் கொடுங்கள். மாற்றப்படாதது என்று தெரிய வந்து, அந்த விலை உங்களால் முடியாது என்றால், அதையும் சொல்லிவிட்டு நல்ல விலைக்கு விற்க அவர்களுக்கு உதவுங்கள். கைமாற்றுவது உங்கள் பகுதிச் சட்டப்படி, உரிமம் பெற்ற ஒருவர் வழியாக நடக்கட்டும். எழுத்துப் பதிந்த இடம், ரிசீவரின் மேற்பரப்பு, கட்டைக்குள் மறைந்திருந்த இரும்பு, பேடு மரத்தோடு சேரும் கோடு, இந்த நான்கையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, எண் தெரியும் இடங்களை மறைத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும்.